ஏமாற்றியவன் எங்கிருந்தாலும் வழக்கு நெல்லையில் உண்டு: இணையத்தில் நாம் செய்யும் தவறுகள்

இணையத்தில் பணத்தைப் பறிகொடுத்துவிட்டுப் பாளையங்கோட்டை நீதிமன்ற வாசலுக்கு வருகிறவர்களில் பலர் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: “அவன் எந்த தேசத்துக்காரனோ, இனி என்ன செய்ய முடியும் வக்கீல் ஐயா?”

இந்த நினைப்புதான் முதல் தவறு. குற்றவாளி வெளிநாட்டில் இருந்தாலும், குற்றத்தில் தொடர்புள்ள கணினி இந்தியாவில் இருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 75-ஆவது பிரிவு பொருந்தும். மின்னணுச் செய்தி வழியே நடந்த மோசடியை, அந்தச் செய்தி வந்து சேர்ந்த ஊரிலும் விசாரிக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 202-ஆவது பிரிவு அதற்கு வழி செய்கிறது. மேலப்பாளையத்தில் வாட்ஸ்அப் பார்த்து ஏமாந்தவருக்கு நெல்லையிலேயே வழக்கு உண்டு. “இது எங்கள் எல்லை இல்லை” என்று காவல் நிலையத்தில் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். எல்லை எதுவானாலும் புகாரைப் பதிய வேண்டும் என்பது அதே சட்டத்தின் 173-ஆவது பிரிவு.

அடுத்த தவறு இதைவிடக் கொடியது. மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவரைக் காவல் சீருடையில் தோன்றிய ஒருவன் வீடியோ அழைப்பில் ‘கைது’ செய்து, பணம் அனுப்ப வைத்தான். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையவே கிடையாது. மகனுக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று அண்ணாச்சி உரையாடல் முழுவதையும் அழித்துவிட்டார். நான்காம் நாள் என்னிடம் வந்தபோது அவர் கையில் இருந்தது வங்கிக் குறுஞ்செய்தி ஒன்று மட்டுமே. முதல் மணி நேரத்திலேயே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்திருந்தால் பணம் கைமாறுவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு இருந்தது. எதையும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்தப் போனையே பத்திரமாக வையுங்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு 2023-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும் சான்றிதழ் கேட்கிறது. வெளிநாட்டிலிருந்து தரவு பெறுவதற்கோ அரசுகளுக்கு இடையே கடிதப் போக்குவரத்து வேண்டும். சைபர் குற்ற விசாரணையில் நாடுகள் ஒன்றுக்கொன்று உதவ வழிசெய்யும் 2001-ஆம் ஆண்டு புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இந்தியா சேராததால், அந்தக் குறுக்கு வழியும் நமக்கு இல்லை.

நம் சட்டம் உலகெங்கும் செல்லும் என்று நம்புவதும் தவறுதான். பத்தமடையில் கோரைப் பாய் நெய்யும் அக்கா ஒருவர், தாம் நெய்த முகூர்த்தப் பாயின் படத்தை வெளிநாட்டு விற்பனைத் தளம் ஒன்றில் பார்த்துவிட்டு வந்தார். மணமக்கள் பெயர்கூட அழியாமல் அப்படியே இருந்தது. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு, ஆனால் இங்கே செய்த பதிவு இந்தியாவுக்குள்தான் செல்லும். படத்தின் பதிப்புரிமை அப்படியல்ல, பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளிலும் அதற்குப் பாதுகாப்பு உண்டு. படம் எடுத்தவர் அவரே என்பதால், அதை வைத்துத்தான் அந்தத் தளத்துக்கு எழுதினோம்.

இன்னொன்று. தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள், 2018 மே 23 அன்று, நெல்லை உட்பட மூன்று மாவட்டங்களில் அரசு இணையத்தை நிறுத்தியது. அரசு நிறுத்தினால் கேள்வி கேட்க முடியாது என்று இன்றும் பலர் எண்ணுகிறார்கள். கேட்கலாம். அத்தகைய உத்தரவை அரசு வெளியிட்டாக வேண்டும், அதை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்று 2020 ஜனவரியில், காஷ்மீர் இணைய முடக்கத்தை எதிர்த்துப் பத்திரிகையாளர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.