தொட்டி மீன்களைப் படம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் பார்த்துப் பார்த்து வாங்கிய ஃபைட்டர் மீன், நேரில் நீலமும் சிவப்புமாக மின்னும். அதையே போனில் எடுத்துப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒரு திட்டு, அதன் மேல் எடுத்தவரின் முகம், மூலையில் டியூப்லைட். உடனே "நல்ல கேமரா வாங்கினால்தான் சரிவரும்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் கேமராவின் மேல் குற்றமே இல்லை. கண்ணாடியும் வெளிச்சமும்தான் படத்தைக் கெடுக்கின்றன.

முதலில் பிளாஷை அணையுங்கள். போனில் பிளாஷ் லென்சுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதிலிருந்து போகும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நேராக லென்சுக்கே திரும்பி வந்து நடுவில் வெள்ளைப் பொட்டு வைக்கும். தண்ணீரில் மிதக்கும் தூசி ஒவ்வொன்றும் தனித்தனியாக மினுங்கும். மீனும் மிரண்டு செடிக்குள் போய்விடும். அப்படியானால் பெரிய புகைப்படக்காரர்கள் மட்டும் பிளாஷ் போடுகிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் கேமராவிலிருந்து பிளாஷைக் கழற்றித் தொட்டிக்கு மேலே வைத்துக் கீழ்நோக்கி அடிக்கிறார்கள். விஷயம் அந்த மேலே என்பதில்தான் இருக்கிறது. தனி பிளாஷ் இல்லாதவர்கள் மேலிருந்து இன்னொரு எல்.இ.டி விளக்கைக் கொடுத்தாலே வித்தியாசம் தெரியும். ஆனால் மின்சார வயரோடு இருக்கும் மேசை விளக்கைத் தண்ணீருக்கு மேலே தொங்கவிட வேண்டாம். சார்ஜ் போட்டு எரியும் சிறிய விளக்கைத் தொட்டியை மூடும் கண்ணாடியின் மேல் வைத்தால் போதும்.

தொட்டிக்குள் வெளிச்சம் கூட வேண்டும், அறைக்குள் குறைய வேண்டும். டியூப்லைட், டிவி எல்லாவற்றையும் அணைத்து, திரையை இழுத்துவிடுங்கள். வெள்ளைச் சட்டையும் கண்ணாடியில் தெரியும், கறுப்புச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது. இதையெல்லாம் விட எளிய வழி, போனின் லென்சைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துவிடுவது. இடைவெளி இல்லாவிட்டால் பிரதிபலிப்புக்கு இடமே இல்லை.

ஒட்டி வைக்க முடியாத இடத்தில் பலர் பிரதிபலிப்பைத் தவிர்க்கப் பக்கவாட்டில் சாய்ந்து எடுக்கிறார்கள். இது அடுத்த வம்பு. நீரும் கண்ணாடியும் ஒளியை வளைக்கும், அதிலும் ஒவ்வொரு நிறத்தையும் சற்று வேறு அளவில் வளைக்கும். சாய்வு கூடக் கூட மீனின் ஓரங்களில் நிறம் பிரிந்து, படம் குழைந்துபோகும். கண்ணாடிக்கு நேர் எதிரே நின்று, மீனும் கண்ணாடிக்கு இணையாகப் பக்கவாட்டில் திரும்பும்போது எடுங்கள். உருண்டைக் கிண்ணத்தில் இந்த நேர்கோணமே கிடைக்காது. மீன் வாழவும் அது நல்ல இடம் இல்லை என்பதால், அதற்காக நான் வருத்தப்படப் போவதில்லை.

கண்ணாடியைத் துடைப்பது எல்லோருக்கும் தெரியும், எப்போது துடைப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். உள்பக்கப் பாசியைச் சுரண்டிய கையோடு எடுத்தால் தண்ணீர் முழுக்கத் துகள்தான். ஒரு மணி நேரமாவது விடுங்கள். இரை போட்டவுடன் எடுப்பதிலும் இதே தொல்லை. வெளிப்பக்கத்துக்கு ஈரத்துணியும் உலர்ந்த துணியும் போதும், தொட்டி அருகே கிளீனர் ஸ்பிரே அடிக்காதீர்கள்.

அடுத்தது ஷட்டர், அதாவது படம் எடுக்கும்போது கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம். வெளிச்சம் குறைவாக இருந்தால் போன் தானாகவே ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கும். மீன் அதற்குள் நகர்ந்துவிடும். நைட் மோடு இன்னும் மோசம், அது பல படங்களை ஒன்றாக்கும். வீட்டின் இரவுக் காட்சிக்கு அது சரி, நீந்தும் மீனுக்கு இல்லை. ஷட்டரை நாமே மாற்றும் புரோ மோடு இருந்தால் ஏஞ்சல் மாதிரி நிதானமான மீனுக்கு 1/125 நொடி, டெட்ரா, டேனியோ போல ஓடும் மீன்களுக்கு 1/250 அல்லது அதற்கு மேல் வையுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐ.எஸ்.ஓ அளவு 800, 1600 வரை போனாலும் பரவாயில்லை. படத்தில் கொஞ்சம் புள்ளி தெரிந்தால் தெரியட்டும், அசைந்த மீனை யாராலும் சரிசெய்ய முடியாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்.இ.டி விளக்குகள் அதனால் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் வேகம் கூடினால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். போன் திரையிலேயே அவை ஊர்வது தெரியும். 1/100 வைத்தால் மறையும், ஆனால் அது வேகமான மீன்களுக்குப் போதாது. அப்போது விளக்கைத்தான் மாற்ற வேண்டும்.

விரலால் விரித்து ஜூம் செய்வதை விட்டுவிடுங்கள். தூரத்தைப் பெரிதாக்கும் டெலி லென்ஸ் தனியாக இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் எடுத்த பிறகு வெட்டிக்கொள்ளலாம். சில போன்களில் மிக அருகே போனால் மிக நெருக்கத்தில் எடுப்பதற்கான மேக்ரோ மோடுக்குத் தானாக மாறும். வெளிச்சம் குறைவான தொட்டியில் அது பெரும்பாலும் கெடுதல்தான், அணைத்து வையுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, மீனைத் துரத்துவது. மீன் போகும் பக்கமெல்லாம் போனைத் திருப்பினால் ஃபோகஸ் தடுமாறிக்கொண்டே இருக்கும். ஃபைட்டரைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள், திரும்பத் திரும்ப ஒரே பாதையில் சுற்றி வரும். அந்தப் பாதையில் ஓர் இலையைத் தேர்ந்தெடுத்து, திரையில் அதன்மேல் அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டுக் காத்திருங்கள். மீன் அங்கே வந்ததும் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுங்கள். கண் தெளிவாக இருக்கும் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வால் எவ்வளவு அழகாக விரிந்திருந்தாலும் கண் மங்கலாக இருந்தால் படம் தேறாது.

கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடாதீர்கள். மீனின் உடல் பக்கவாட்டில் அதிர்வை உணரும் கோடு இருக்கிறது, உங்கள் ஒரு தட்டு அதற்குப் பெரிய அதிர்ச்சி. பயந்த மீன் துடுப்பை மடக்கிக்கொள்ளும், படத்துக்கு உதவாது. ஃபைட்டர் துடுப்பை விரிக்க வேண்டுமானால் ஒரு சிறு முகக்கண்ணாடியைக் காட்டலாம், ஓரிரு நிமிடத்தில் அதை அகற்றிவிடுங்கள். நியான் டெட்ரா இருட்டில் நிறம் மங்கிக் கிடக்கும். விளக்கைப் போட்டதும் எடுக்காமல், அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

தொட்டியின் பின்னால் ஒட்டிய பவழப்பாறைப் படத்தை அகற்றிவிட்டு ஒரு கறுப்புச் சார்ட் வைத்தால் நிறம் தூக்கித் தெரியும். கறுப்பு மாலி மீனுக்கு மட்டும் வெளிர் நிறப் பின்னணி வேண்டும், எக்ஸ்போஷரையும் (படத்தின் வெளிச்ச அளவையும்) கொஞ்சம் கூட்டுங்கள். வெள்ளிச் செதில் மீன்களுக்குக் கொஞ்சம் குறையுங்கள்.

குமிழியும் நீரோட்டமும் தொல்லையாக இருந்தால் ஏரேட்டரையும் ஃபில்டரையும் சில நிமிடங்கள் நிறுத்தலாம். நல்ல படம் கிடைத்த சந்தோஷத்தில் அவற்றைத் திரும்பப் போட மறந்துவிடுவது வழக்கமாக நடப்பது, போனில் ஓர் அலாரம் வைத்துவிட்டே நிறுத்துங்கள்.