கிட்டார் என நம்பவைக்கும் சிந்தசைசர்: 1980களின் சோலோ ஒலியை வீட்டுக் கணினியில் உருவாக்கும் முறை

குவீன் குழு 1984இல் வெளியிட்ட ‘ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ’ பாடலின் நடுவே வரும் சோலோவை (ஒரு கருவி மட்டும் முன்னால் நின்று ஒலிக்கும் பகுதியை) அக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மேயின் கிட்டார் என்று இன்றும் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அதை வாசித்தவர் ஃபிரெட் மண்டெல் என்ற கனடா நாட்டுக் கீபோர்டு கலைஞர். கருவி ரோலண்ட் நிறுவனத்தின் ஜூப்பிட்டர்-8 சிந்தசைசர், அதாவது மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கீபோர்டு. இதே குழு 1973இல் வெளியிட்ட தன் முதல் ஆல்பத்தின் உறையில், இதில் யாரும் சிந்தசைசர் வாசிக்கவில்லை என்று அச்சிட்டிருந்தது. மே அடுக்கடுக்காகப் பதிவுசெய்த கிட்டார் ஒலிகளைக் கேட்டுச் சிந்தசைசர் என்று யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாது என்ற கவலை அப்போது அவர்களுக்கு இருந்தது. பதினோரு ஆண்டுகளில் குழப்பம் எதிர்த்திசைக்குத் திரும்பிவிட்டது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மண்டெல் மட்டும் இப்படிச் செய்யவில்லை. பிராகில் பிறந்த யான் ஹாமர், 1970களின் தொடக்கத்தில் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் ஜான் மெக்லாக்லினின் கிட்டாருக்கு மினிமூக் சிந்தசைசரால் பதில் சொல்லிப் பழகியவர். ‘மியாமி வைஸ்’ தொலைக்காட்சித் தொடருக்காக அவர் அமைத்த முகப்பிசை 1985இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. கிட்டார் கலைஞரைப் போலவே கீபோர்டில் சுரங்களை வளைத்து வாசிப்பவர் என்ற பெயர் அவருக்கு அதற்கு முன்பே நிலைத்திருந்தது.

இத்தகைய ஒலியை இலவச மென்பொருள்களைக் கொண்டு உருவாக்குவதைப் படிப்படியாகப் பார்ப்போம். தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜூப்பிட்டர்-8இன் கட்டைகளுக்கு, விரல் எவ்வளவு வேகமாக அழுத்துகிறது என்பதை உணரும் திறன் கிடையாது. மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே அளவு ஒலிதான் வரும். இந்தக் குறையோடும் அது லட்சக்கணக்கானோரை நம்பவைத்தது என்றால், ஏமாற்று வேலையின் பெரும்பகுதி தொனியில் இல்லை, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் விதத்தில் இருக்கிறது என்றுதான் பொருள். ஆகவே தொனிக்கான படிகளைச் சற்று விரைவாகக் கடந்து, ஐந்தாம் படியில் நேரம் செலவிடுவோம்.

தேவையானவை

ஒரு கணினி, ஏதேனும் ஓர் ஒலிப்பதிவு மென்பொருள், இலவசமாகக் கிடைக்கும் சர்ஜ் எக்ஸ்டி என்ற மென்பொருள் சிந்தசைசர், கிட்டார் ஆம்ப்ளிஃபையரையும் அதன் ஸ்பீக்கர் பெட்டியையும் போலச் செய்யும் ஒரு பிளக்-இன் (ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் இயங்கும் துணை மென்பொருள்), பிட்ச் சக்கரம் (சுருதியை ஏற்றி இறக்கும் சக்கரம்) உள்ள, கணினியோடு இணைக்கும் ஒரு சிறிய மிடி கீபோர்டு ஆகியவை போதும். 25 கட்டைகள் இருந்தால் போதுமானது. பிட்ச் சக்கரம் இல்லாத கீபோர்டு மட்டும் இந்த வேலைக்கு உதவாது.

படி 1: ஒரு நேரத்தில் ஒரு சுரம்

சர்ஜ் எக்ஸ்டியைத் திறந்து, வாசிப்பு முறையைப் பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் பாலியிலிருந்து ‘மோனோ எஸ்டி’ என்பதற்கு மாற்றுங்கள். இனி ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கும். ஒரு கட்டையை அழுத்திக்கொண்டே இன்னொன்றைத் தொட்டால், ஒலி புதிதாகத் தொடங்காமல் சுரம் மட்டும் மாறும். கிட்டார் கலைஞர் பிக்கால் (தந்தியை மீட்டும் சிறு தகட்டால்) மீட்டாமல் இடக்கை விரலைத் தந்தியின் மேல் தட்டி அடுத்த சுரத்தை எடுக்கும்போது இதுவேதான் நிகழ்கிறது. கட்டையை முழுவதும் விட்டுவிட்டு அடுத்ததை அழுத்தினால் அது பிக்கால் மீட்டியதற்குச் சமம். எந்தச் சுரத்தை ஒட்டி வாசிப்பது, எதைப் பிரித்து வாசிப்பது என்ற முடிவு இப்போது உங்கள் விரலிடம் வந்துவிட்டது.

சுர எல்லையையும் இப்போதே வகுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான சுருதியில் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. 22 ஃபிரெட்டுகள் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகள்) கொண்ட கிட்டாரின் கடைசி ஃபிரெட் 1,175 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. இந்த எல்லையை விட்டுக் கீழே இறங்கினாலும் மேலே ஏறினாலும் வேடம் கலைந்துவிடும்.

படி 2: அலையைத் தேர்ந்தெடுத்தல்

முதல் ஆசிலேட்டரில் (ஒலி அலையை உருவாக்கும் பகுதியில்) சாடூத் அலையை, அதாவது ரம்பப் பல் வடிவ அலையை வையுங்கள். அதில் எல்லா ஹார்மோனிக்குகளும் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளும்) இருப்பதால் அது நல்ல மூலப்பொருள். இரண்டாவது ஆசிலேட்டரில் பல்ஸ் அலையை வைத்து, அதன் அகலத்தை 20 விழுக்காட்டுக்குக் குறையுங்கள். இந்த எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. தந்தியை அதன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு தொலைவில் மீட்டினால், அந்த இடத்தில் அசையாப் புள்ளியைக் கொண்ட ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது ஹார்மோனிக்குகள் எழுவதில்லை. ஐந்தில் ஒரு பங்கு அகலமுள்ள பல்ஸ் அலையிலும் இதே ஹார்மோனிக்குகள்தான் இருப்பதில்லை. எனவே பல்ஸ் அகலத்தைக் குறைத்துக்கொண்டே போவது, பிக்கைக் கிட்டாரின் பாலத்தின் (உடல் பகுதியில் தந்திகள் தாங்கி நிற்கும் இடத்தின்) பக்கமாக நகர்த்துவதற்கு ஒப்பானது. ஒலி மெலிந்து மூக்கால் பேசுவது போல் ஆகும்.

இரு ஆசிலேட்டர்களின் சுருதியையும் இரண்டு அல்லது மூன்று சென்ட் (ஒரு சென்ட் என்பது அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளியான செமிடோனில் நூறில் ஒரு பங்கு) அளவுக்கு மட்டும் விலக்குங்கள். அதற்கு மேல் விலக்கினால் 80களின் பொதுவான சிந்தசைசர் அகலம் வந்துவிடும். வேறு இடங்களில் அது அழகுதான், இங்கே அது காட்டிக்கொடுக்கும்.

படி 3: ஃபில்டரும் என்வலப்பும்

உயர் அதிர்வெண்களைக் குறைக்கும் லோ-பாஸ் ஃபில்டரை 24 டெசிபெல் சரிவில், ஏறக்குறைய 2,000 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஃபில்டரின் என்வலப் (நேரத்துக்கேற்ப அமைப்பை மாற்றும் பகுதி) தொடக்கத்தில் அதை இருமடங்காகத் திறந்து, 300 மில்லிசெகண்டுக்குள் பழைய இடத்துக்கு இறக்கட்டும். ஒலி அளவின் என்வலப்பில் அட்டாக் (ஒலி எழும் நேரம்) பூச்சியத்தை ஒட்டியும், டிகே (உச்சத்திலிருந்து தணியும் நேரம்) மூன்று செகண்டுக்குக் குறையாமலும், சஸ்டெய்ன் (கட்டையை அழுத்தியிருக்கும்வரை நிற்கும் அளவு) 70 விழுக்காடு அளவிலும் இருந்தால் போதும். இந்த எண்கள் எல்லாம் தொடக்கப் புள்ளிகளே.

படி 4: டிஸ்டார்ஷன், அதன் பின் ஸ்பீக்கர் பெட்டி

சிந்தசைசருக்கு அடுத்து ஆம்ப்ளிஃபையர் பிளக்-இன்னைச் சேருங்கள். அதிலுள்ள டிஸ்டார்ஷன் (ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்கும் விளைவு) உரத்த பகுதிகளை நசுக்குவதால் சுரம் நெடுநேரம் ஒரே அளவில் நீடிப்பது போல் ஒலிக்கும். ராக் கிட்டாரின் நீண்ட சுரங்களும் இவ்வாறே உருவாகின்றன. இரண்டு சுரங்களை ஒன்றாக டிஸ்டார்ஷனுக்குள் அனுப்பினால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய அதிர்வெண்கள் முளைத்துக் குழப்பும் என்பதால், முதல் படியில் ஒற்றைச் சுரத்துக்கு மாறியது இங்கேயும் உதவுகிறது.

புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது ஸ்பீக்கர் பெட்டியை. கிட்டாருக்கான 12 அங்குல ஸ்பீக்கர், ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைச் சட்டென்று குறைத்துவிடுகிறது. அந்தக் குறைப்பு இல்லாத டிஸ்டார்ஷன் காதைக் கூசவைக்கும் வெற்று இரைச்சல்தான். பெட்டியைப் போலச் செய்யும் பிளக்-இன் கிடைக்காவிட்டால், ஓர் ஈக்குவலைசரில் 5,000 ஹெர்ட்ஸில் லோ-பாஸ் ஒன்றை வைத்துச் சமாளிக்கலாம்.

படி 5: பிட்ச் சக்கரம்

தொனி இப்போது ஓரளவுக்குக் கிட்டார் போல் இருக்கும். ஆனால் வாசித்துப் பாருங்கள், டிஸ்டார்ஷன் போட்ட கீபோர்டாகவே கேட்கும். அதை மாற்ற வேண்டியது இடக்கை.

பிட்ச் சக்கரத்தின் எல்லையை மேலே இரண்டு செமிடோன் என்று அமையுங்கள். கிட்டார் கலைஞர் தந்தியை ஃபிரெட்டின் மேல் பக்கவாட்டில் தள்ளும்போது இழுவிசை கூடுவதால் சுருதி ஏறுகிறது; வீணையில் தந்தியை இழுத்து மேல் சுரத்தைப் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முக்கியமானது என்னவென்றால், இந்த முறையில் சுருதி ஏறத்தான் முடியும், அழுத்திய இடத்துக்குக் கீழே இறங்காது. கீழே இறக்க வேண்டுமானால் கிட்டாரின் ட்ரெமலோ கம்பியைத்தான் நாட வேண்டும். ஆகவே சக்கரத்தை மேல்நோக்கி மட்டுமே பயன்படுத்துங்கள். கீழ்நோக்கிய அசைவை, ட்ரெமலோ கம்பியின் பெரிய சரிவைக் காட்ட விரும்பும் ஓரிரு இடங்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.

முதல் பயிற்சி இது. இ என்ற சுரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இ கட்டையை அழுத்தாமல், இரண்டு செமிடோன் கீழே உள்ள டி கட்டையை அழுத்தி, ஒரு செகண்டில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் சக்கரத்தை மேலே தள்ளி இ சுரத்தை எட்டுங்கள். தாளத்தின் மேல் விழ வேண்டியது டியா, இயா என்பதைப் பொறுத்து உணர்ச்சி மாறும். இரண்டையும் வாசித்துப் பாருங்கள். அடுத்து, சத்தம் இல்லாத நிலையிலேயே சக்கரத்தை மேலே வைத்துக்கொண்டு டி கட்டையை அழுத்துங்கள். இ ஒலிக்கும், பிறகு மெல்ல இறக்கி டிக்கு வாருங்கள். கிட்டாரில் தந்தியை முன்கூட்டியே தள்ளி வைத்து மீட்டுவதற்கு இது இணையானது. கேட்பவரை நம்பவைப்பதில் மற்ற எல்லா உத்திகளையும் விட இது வலிமையானது என்பது என் கருத்து.

சக்கரம் நடுநிலைக்குத் திரும்பும் ஓசை கேட்கவே கூடாது. சுரம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடைப்பட்ட மௌனத்தில் அதை விடுங்கள். ஃபில்டருக்கும் என்வலப்புக்கும் கொடுக்கும் நேரத்தில் பாதியை இந்த ஒரு பழக்கத்துக்குக் கொடுத்தால் பலன் கூடுதலாக இருக்கும்.

படி 6: வைப்ராட்டோ

வைப்ராட்டோ என்பது சுருதியை மெல்ல அசைப்பது. எல்எஃப்ஓவை (மெதுவாக ஏறி இறங்கும் அலையை உருவாக்கும் பகுதியை) சுருதியோடு இணைத்துவிட்டால் தானாகவே ஒலி அசையும் என்பது உண்மைதான். ஆனால் அந்த அசைவு சுரத்தின் இருபுறமும் சமமாகப் போய்வருகிறது. ஃபிரெட்டின் மேல் விரலை ஆட்டும்போது சுருதி மேலே போய் மீண்டும் சுரத்துக்கு வருகிறதே தவிரக் கீழே போவதில்லை. சர்ஜ் எக்ஸ்டியின் எல்எஃப்ஓவில் யூனிபோலார் என்ற பொத்தானை அழுத்தினால் அசைவு ஒரு பக்கமாகும். வேகத்தை 5 அல்லது 6 ஹெர்ட்ஸிலும், தொடக்கத் தாமதத்தை 400 மில்லிசெகண்டிலும் வையுங்கள். கை பழகியபின் எல்எஃப்ஓவை நிறுத்திவிட்டுச் சக்கரத்தையே ஆட்டுங்கள். வேகம் சீராக இல்லாமல் போவதுதான் அதன் சிறப்பு.

படி 7: சொற்றொடர் அமைப்பு

இரண்டு ஆக்டேவ்களை (ஸ்தாயிகளை) ஒரே பாய்ச்சலில் தாண்டுவது கீபோர்டில் எளிது, கிட்டாரில் கடினம். ஆகவே கை ஒரே இடத்தில் நிற்பது போலக் கற்பனை செய்து, நான்கைந்து ஃபிரெட்டுகளுக்குள் அடங்கும் சுரங்களில் ஒரு சொற்றொடரை முடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகருங்கள். ஒரே சுரத்தை இரண்டு முறை விரைவாக மீட்டுவதும் இடையிடையே வரட்டும். சோலோவை முழுவதும் இட்டு நிரப்பாதீர்கள்.

படி 8: எதிரொலி, பிறகு காதுச் சோதனை

டிலேயும் (திரும்பத் திரும்பக் கேட்கும் எதிரொலி) ரிவெர்பும் (அறையின் முழக்கம்) ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் வர வேண்டும். டிஸ்டார்ஷனுக்கு முன் வைத்தால் எதிரொலிகளும் சேர்ந்து நசுங்கிக் கூழாகும்.

பதிவுசெய்ததைத் தனியாகக் கேட்காமல் டிரம்ஸ், பேஸ் இரண்டோடும் சேர்த்துக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் பிக் தந்தியில் படும் உரசலும், விரல் நகரும் சிறு ஓசையும் இல்லாதது உடனே தெரியும். பாடலுக்குள் அந்தக் குறையை டிரம்ஸ் மூடிவிடும். பிறகு மண்டெலின் சோலோவை மீண்டும் கேட்டு, எந்தச் சுரங்களைக் கட்டையால் தொடுகிறார், எவற்றுக்கு வளைந்து போகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மாற்றுப் பயிற்சியாக, எதிர்த்திசையில் ஏமாற்றும் பதிவுகளையும் கேட்கலாம். தி போலீஸ் குழுவின் ஆண்டி சம்மர்ஸ் 1980இல் ‘டோன்ட் ஸ்டாண்ட் ஸோ குளோஸ் டு மீ’ பாடலின் இடைப்பகுதியில் பயன்படுத்தியது கிட்டார் சிந்தசைசர், அதாவது கிட்டாரை மீட்டியே சிந்தசைசர் ஒலியை எழுப்பும் கருவி. பாட் மெத்தேனியின் 1982ஆம் ஆண்டு ‘ஆஃப்ராம்ப்’ ஆல்பத்தில் ஊதுகருவி போல ஒலிப்பதும் ரோலண்ட் ஜிஆர்-300 என்ற கிட்டார் சிந்தசைசரே. அங்கே தொனி முழுக்கச் சிந்தசைசராக இருந்தும், சுரங்கள் நகரும் விதம் கிட்டார் கலைஞரின் கையைக் காட்டிவிடுகிறது. நீங்கள் ஐந்தாம் படியில் பழகியதும் அந்த நகர்வைத்தான்.