பிலிருபின் சாம்பிளை வெயில் பார்க்க விடாதீர்கள்

1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், மஞ்சள் காமாலை கண்ட குழந்தையின் ரத்த டியூப் ஒன்று சில மணி நேரம் வெயில் விழும் இடத்தில் கிடந்துவிட்டது. சோதித்தபோது, காமாலையில் உடலை மஞ்சளாக்கும் நிறமியான பிலிருபின் எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. இளவெயிலில் வைத்த குழந்தைகளுக்கு மஞ்சள் வெளுப்பதை அங்கே சிஸ்டர் ஜீன் வார்டு ஏற்கெனவே கவனித்திருந்தார். இவற்றைத் தொடர்ந்து நடந்த போட்டோதெரபி (விளக்கொளியால் காமாலையைக் குறைக்கும் சிகிச்சை) ஆய்வு 1958-ல் வெளியானது.

லேப்பில் வேலை பார்க்கும் எனக்கு அந்த டியூப்தான் அடிக்கடி நினைவுக்கு வரும். நேரடி வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே பிலிருபின் பாதி வரை குறையக்கூடும். அறை வெளிச்சத்திலும் குறையும், கொஞ்சம் மெதுவாக. டெசிலிட்டருக்கு 18 மி.கி. இருக்கும் குழந்தைக்கு 14 என்று ரிப்போர்ட் போனால், சிகிச்சை தள்ளிப்போகும். அளவு மிஞ்சினால் பாதிக்கப்படுவது குழந்தையின் மூளை.

ஒருமுறை ஒரு அப்பா, வார்டிலிருந்து உச்சிவெயிலில் நடந்து வந்து உள்ளங்கையை விரித்தார். நடுவில் சின்ன டியூப், சுற்றி எதுவும் இல்லை. வழியில் பில் கட்ட வரிசையில் வேறு நின்றிருக்கிறார். அவர்மேல் தப்பே இல்லை, யாரும் சொல்லவில்லை. குழந்தைக்கு மறுபடி குத்தி ரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று. ரத்தம் எடுத்த கையோடு டியூபை அலுமினியம் ஃபாயிலில் சுற்றிவிடுங்கள். ஃபாயில் இல்லையென்றால் கருப்புத் தாள் போதும். பெயர், நேரம் எழுதிய லேபிள் ஃபாயிலின் மேலும் இருக்கட்டும். போட்டோதெரபியில் இருக்கும் குழந்தைக்கு, ரத்தம் எடுக்கும்போது விளக்கை அணைத்து வையுங்கள்.

அடுத்தது ஹீமோலைசிஸ், அதாவது சிவப்பணு உடைவது. குதிகாலில் குத்திவிட்டு ரத்தம் வரவில்லையே என்று பிழிந்தால் சிவப்பணு உடையும், திசுநீரும் கலக்கும். பல லேப்களில் பிலிருபினை நிறமாக மாற்றி அளக்கும் டையாசோ முறையில், ஹீமோகுளோபின் கலந்த சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) பெரும்பாலும் அளவைக் குறைத்தே காட்டும். இந்தத் தவறும் அதே பக்கம்தான் இழுக்கிறது. பிழிவதற்குப் பதில், குத்துவதற்கு முன் மூன்று முதல் ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான துணியால் குதிகாலைச் சூடாக்குங்கள். ஸ்பிரிட் நன்றாகக் காயட்டும். முதல் சொட்டைத் துடைத்துவிடுங்கள். குதிகாலின் அடிப்பகுதியில் ஓரமாகக் குத்த வேண்டும்; குதிகாலின் பின்வளைவில் கூடாது, அங்கே எலும்பு பக்கத்திலேயே இருக்கிறது.

பெரியவர்களுக்குக் கையை இறுக்கும் டூர்னிக்கே பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைக்காதீர்கள். சிரிஞ்சிலிருந்து ஊசி வழியாகவே வேகமாகப் பீய்ச்சினாலும் சிவப்பணு உடையும். அப்புறம், ரொம்ப நேரம் பட்டினி கிடந்தீர்களா என்று கேளுங்கள். கில்பர்ட் சிண்ட்ரோம் (பிலிருபினைக் கல்லீரல் மெதுவாகக் கையாளும் பிறவித் தன்மை) உள்ளவர்களுக்குப் பட்டினியாலேயே பிலிருபின் ஏறும்.

உடனே சோதிக்க முடியாது என்றால் ரத்தமாகவே ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். சீரத்தைப் பிரித்து, மூடி, இருட்டில் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஃபிரிட்ஜ் என்றால், ஃபாயில் அங்கேயும் வேண்டும்.