சம்பளம் தள்ளிப்போகிறதா? முதலில் தேதியைக் கேளுங்கள்

ஒரு சின்ன அச்சகத்தில் ஒன்பது வருடம் கணக்கு எழுதினேன். மொத்தம் 14 பேர். கடைசி ஒன்றரை வருடத்தில் ஒரு மாதம்கூடச் சம்பளம் தேதிக்கு வந்ததில்லை. அங்கே எனக்கு ஒரு விசித்திரமான இடம் வாய்த்திருந்தது. சம்பளம் கிடைக்காதவர்களில் நானும் ஒரு ஆள். இருக்கிற பணம் யாருக்குப் போகிறது என்று பேரேட்டில் எழுதியதும் நான்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

ஏதாவது பார்ட்டியிடமிருந்து பணம் வந்த அன்று முதலாளி என்னைக் கூப்பிடுவார். பிழை திருத்திய பழைய தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் பட்டியல் எழுதுவார். முதலில் காகித வியாபாரி, ஏனென்றால் அவர் நிறுத்தினால் மறுநாள் மெஷின் ஓடாது. அடுத்து மின்கட்டணம். பிறகு வங்கித் தவணை. அதற்குப் பிறகு, அன்றைக்கு யார் வாசலில் வந்து நிற்கிறாரோ அவர். கடைசியில் 'சம்பளம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அவர் கெட்டவர் இல்லை. நான் ஒரு நாள் கேட்டதற்கு, "நம்ம பசங்க நாளைக்கும் வருவாங்க, காகிதம் வராதே" என்றார். விஷயம் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில்தான் உங்கள் சம்பளம் கடைசிக்குப் போகிறது.

அதனால் செய்ய வேண்டிய முதல் வேலை, கத்தாமல் அந்தப் பட்டியலில் மேலே ஏறுவது. "சார், சம்பளம் எப்ப வரும்?" என்று கேட்டால், "பார்க்கலாம்பா, ஒரு பெரிய பில் வரணும்" என்ற பதில்தான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "சார், போன மாசச் சம்பளம் இன்னும் வரல. எந்தத் தேதியில எவ்வளவு தருவீங்கன்னு சொல்லுங்க, வீட்டுல அதுக்கேத்த மாதிரி ஏற்பாடு பண்ணணும்." தேதி, தொகை இரண்டையும் கேட்க வேண்டும். முழுதாகத் தர முடியாது என்றால் பாதி என்றைக்கு, மீதி என்றைக்கு என்று கேளுங்கள். தனியாகக் கேளுங்கள், பத்து பேர் முன்னால் கேட்டால் பதில் சொல்வதைவிட மானத்தைக் காப்பாற்றிக்கொள்வதுதான் அவருக்குப் பெரிதாகிவிடும். பணம் உள்ளே வந்த அன்றைக்கோ மறுநாளோ கேட்பது நல்லது. மூன்றாம் நாள் பெட்டியில் ஒன்றும் இருக்காது.

அன்று மாலையே அவருக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். "இன்று பேசியபடி பாதிச் சம்பளம் 12-ஆம் தேதி, மீதி 25-ஆம் தேதி தருவதாகச் சொன்னீர்கள், நன்றி சார்." இவ்வளவு போதும். அவர் 'சரி' என்று பதில் போட்டால் அது ஒரு ஆதாரம். போடாவிட்டாலும் நீங்கள் அனுப்பியது பதிவில் இருக்கும். சொன்ன தேதி தவறுவது ஒரு முறை என்றால் விட்டுவிடலாம். இரண்டாவது முறையும் தவறி, அதைப் பற்றி அவராக வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால், அங்கே பணத் தட்டுப்பாட்டைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது.

பைண்டிங் பிரிவில் ஒரு அண்ணன் இருந்தார். சட்டைப்பையில் உள்ளங்கை அளவு நோட்டு வைத்திருப்பார். வேலைக்கு வந்த நாள், ஓவர்டைம் மணி, கைக்கு வந்த பணம், மீதி எல்லாம் அதில் இருக்கும். எங்களுக்கு அது கேலிப்பொருள். கடைசியில் அச்சகத்தை மூடியபோது யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பெரிய தகராறு வந்தது. அவர் கணக்கில் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. என் பேரேடு அலுவலகத்துச் சொத்து, அலமாரியோடு பூட்டப்பட்டுவிட்டது. கணக்கு எழுதிய எனக்கே என் கணக்கு கையில் இல்லை! நியமனக் கடிதம், பழைய சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, வருகைப் பதிவின் போட்டோ எல்லாவற்றையும் இப்போதே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

கையெழுத்து விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பாதிப் பணம் கொடுத்துவிட்டு முழுத் தொகைக்கான வவுச்சரை நீட்டுவது சின்ன இடங்களில் சாதாரணம். 'கணக்குக்காகத்தான்' என்பார்கள். அந்த வவுச்சரை நீட்டிய கை என்னுடையதும்தான், அதை மறைக்கவில்லை. வாங்கிய தொகையை மட்டும் எழுதி, 'மீதி பாக்கி' என்று சேர்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். 'எல்லாம் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளில், பணம் முழுதாகக் கைக்கு வரும்வரை பேனாவை வைக்காதீர்கள்.

சம்பளத்துக்குப் பதிலாகச் சரக்கு, கூப்பன், கடன்பத்திரம் என்று தரப் பார்ப்பவர்களும் உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1949-இல் ஏற்ற ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை (எண் 95), பணமாகத் தர வேண்டிய ஊதியத்தைக் கடன்பத்திரமாகவோ கூப்பனாகவோ தரக்கூடாது, ஊதியத்தை ஒழுங்கான கால இடைவெளியில் தர வேண்டும் என்கிறது. மதுக்கடையில் வைத்துச் சம்பளம் பட்டுவாடா செய்யக்கூடாது என்றுகூட அதில் இருக்கிறது, அங்கேயே வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. அந்தக் காலத்தில் அது எவ்வளவு நடந்திருந்தால் அதையும் எழுதியிருப்பார்கள்!

இதைவிட மோசமான ஒன்று உண்டு. "உன் பேர்ல ஒரு லோன் போட்டுக் கொடு, நானே கட்டிடறேன்" என்பது. அல்லது ஜாமீன் கையெழுத்து. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மாட்டேன் என்று சொல்லுங்கள். சம்பளம் தர முடியாதவர் தவணை எங்கிருந்து கட்டுவார்?

வீட்டுப் பக்கம் ஒரே கணக்குதான்: அந்தப் பாக்கி வராது என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். வரப்போகிற சம்பளத்தை நம்பிக் கைமாற்று வாங்கினால் இரண்டு பேருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். வாடகையோ தவணையோ தள்ளிப்போகும் என்றால், கெடு முடிவதற்கு முன்பே போய்ச் சொல்லுங்கள். நான் ஒரு முறை கெடு தாண்டி நாலு நாள் போனை எடுக்காமல் இருந்தேன், வீட்டுக்காரர் அதற்குப் பிறகு என் பேச்சை நம்பவே இல்லை. அடுத்த மாதம் முன்கூட்டியே போய் நின்றபோதும் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

சம்பளத்தில் காப்பீட்டுக்கோ ஓய்வூதியத்துக்கோ பிடித்தம் இருந்தால், அது உரிய இடத்தில் கட்டப்படுகிறதா என்று நேரடியாக அங்கேயே விசாரியுங்கள். பணம் முட்டும்போது கட்டாமல் விடப்படுவது பெரும்பாலும் அதுதான். யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை அல்லவா.

எவ்வளவு நாள் பொறுப்பது? என் கருத்தில், ஒரு மாதச் சம்பளம் முழுதாக நின்றதுமே வேறு வேலை தேட ஆரம்பிக்க வேண்டும். இரண்டு மாதம் நின்றால் கிடைத்த நல்ல வேலைக்குப் போய்விட வேண்டும். 'போனால் பாக்கி போய்விடும்' என்ற பயம்தான் எங்கள் எல்லோரையும் கட்டிப்போட்டது. விலகினாலும் உழைத்த நாளுக்கான பாக்கி உங்களுடையதுதான். ஆனால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். பாக்கித் தொகையைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொண்டு போங்கள். கோபத்தில் அலுவலக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போவது வேண்டாம். எங்கள் டிசைனர் அப்படிச் செய்தார். பாக்கி கேட்க வேண்டியவர் திருட்டுப் புகாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேசித் தீரவில்லை என்றால் தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள். மனு கொடுக்கக் கெடு உண்டு, சில நாடுகளில் அது மாதக்கணக்கில்தான், அதனால் முதல் வாரமே கெடுவை விசாரித்து வையுங்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுத்தால் தனி ஆளைக் குறிவைப்பது கடினம். நிறுவனம் திவாலானாலும் எல்லாம் போய்விட்டது என்று இல்லை. பல நாட்டுச் சட்டங்களில் மற்றக் கடன்காரர்கள் பலருக்கு முன்னால் தொழிலாளர் ஊதியத்துக்கு இடம் உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1992-ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 173), குறைந்தது மூன்று மாத ஊதியத்துக்காவது இந்த முன்னுரிமை வேண்டும் என்கிறது. சில நாடுகளில் இதற்கென்றே உத்தரவாத நிதியும் இருக்கிறது. இதற்கெல்லாம் காகிதம் வேண்டும்.

எனக்கு நாலு மாதச் சம்பளம் நின்றது. இரண்டரை மாதத்துக்கானது வந்தது, மீதி வரவில்லை. இப்போது வேலை பார்க்கும் இடத்தில் சம்பளம் சரியாக வருகிறது. ஆனாலும் ஒரு சின்ன நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன், உள்ளங்கை அளவுதான்.