பூனைக்குக் கு.க. (கருத்தடை) ஆபரேஷன்: ஐந்தாம் மாதத்திலேயே செய்துவிடுங்கள்

ஐந்து மாதப் பெட்டைக்குட்டி ஒரு ராத்திரி திடீரென்று கைக்குழந்தை அழுவதுபோல் கத்த ஆரம்பிக்கும். தரையில் புரளும். முன்னங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டு பின்பக்கத்தை மட்டும் தூக்கி நிறுத்தும், வாலை ஒரு பக்கமாக ஒதுக்கும். முதுகில் கை வைத்தால் பின்னங்கால் இரண்டும் நின்ற இடத்திலேயே நடைபோடும். வயிற்றுவலி என்று நினைத்து ஓம வாட்டர் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது வலி இல்லை, பூனை பருவத்துக்கு வந்துவிட்டது. சில குட்டிகள் நான்காம் மாதத்திலேயே வந்துவிடும்.

ஒரு வாரம் கத்தி ஓயும். கடுவனோடு சேராவிட்டால் இரண்டு, மூன்று வாரத்தில் மறுபடி ஆரம்பிக்கும். பகல் நீளமாக இருந்தால் பூனைக்குப் பருவம் வரும், பகல் சுருங்கினால் அடங்கும். குளிர்நாடுகளில் பனிக்காலம் முழுக்க ஓய்வு கிடைப்பது அதனால்தான். மதுரையில் மார்கழி மாதத்திலும் பதினொன்றரை மணி நேரம் வெளிச்சம் இருக்கிறது. ஆகவே இங்கே பூனைக்கு அந்த ஓய்வும் இல்லை.

இன்னொன்று, இணைசேர்வதுதான் பூனையின் கருமுட்டையையே வெளியே வரவைக்கிறது. "ஒரே ஒரு தடவைதான் மாடிப்பக்கம் போய்ட்டு வந்துச்சு, ஒண்ணும் ஆகியிருக்காது" என்ற கணக்கு இதில் செல்லாது. சினை 63 முதல் 65 நாள். ஒரு ஈத்துக்கு மூன்று முதல் ஐந்து குட்டி. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினையும் பிடித்துவிடும். வருடத்துக்கு மூன்று ஈத்து என்று வைத்தால் பன்னிரண்டு குட்டி. முதல் ஈத்தின் பெட்டைகள் அதே வருடத்தில் தாயாகிவிடும்.

அத்தனை குட்டிகளுக்கும் வீடு கிடைக்காது. கட்டைப்பையில் போட்டு மீன் மார்க்கெட் ஓரத்தில் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று பலர் மனதார நம்புகிறார்கள். எட்டு வாரம் ஆகாத குட்டி அங்கே பிழைக்காது. நாயும் வண்டியும் விட்டுவைத்ததைப் பார்வோ வகை வைரஸ் வாந்தி பேதியாக வந்து கொண்டுபோகும். பசியிலும் தாகத்திலும் தவிக்கும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

"ஒரு ஈத்தாவது ஈனட்டும், பாவம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் பூனைக்கு அதனால் நன்மை எதுவும் இல்லை, கெடுதல் உண்டு. ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்தால் மார்புக்கட்டி வரும் வாய்ப்பு சுமார் 90 சதவீதம் குறைகிறது. இரண்டு வயதுக்குப் பிறகு செய்தால் அந்தப் பலன் ஏறக்குறைய இல்லை. பூனைக்கு வரும் மார்புக்கட்டிகளில் பத்தில் எட்டுக்கு மேல் புற்றுநோய். கர்ப்பப்பையில் சீழ் கோத்து உயிரை எடுக்கும் நோயும் கருப்பை உள்ள பூனைக்குத்தான் வரும். கத்தாமல் இருக்க ஹார்மோன் மாத்திரையோ ஊசியோ போடுவது அந்தச் சீழுக்கும் கட்டிக்கும் நாமே வழி திறந்துவிடுவதுபோல. அது வேண்டவே வேண்டாம்.

கடுவனுக்கும் செய்ய வேண்டும். செய்யாத கடுவன் பருவத்துப் பெட்டையைத் தேடித் தெருத்தெருவாக அலையும், சுவரிலும் வண்டி சீட்டிலும் மூத்திரம் பீய்ச்சும், சண்டையில் கடிபட்டுக் கன்னம் வீங்கி வரும். அந்தக் கடி வழியாகத்தான் எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் எஃப்.ஐ.வி. வைரஸும் பரவுகிறது.

முதலில் ஆணா பெண்ணா என்று பாருங்கள்

கடுவன் என்று நினைத்து வளர்த்தது குட்டி போட்ட கதை ஊரெல்லாம் உண்டு. வாலைத் தூக்கிப் பாருங்கள். ஆசனவாய்க்குக் கீழே ஒட்டினாற்போல் ஒரு சின்னக் கோடு இருந்தால் பெட்டை. இடைவெளி விட்டு ஒரு புள்ளியும், நடுவில் மெத்தென்ற மேடும் இருந்தால் கடுவன். வெள்ளை, கறுப்பு, செம்பட்டை மூன்றும் கலந்த பூனை அநேகமாக எப்போதும் பெட்டைதான். கடுவனுக்கு விதை இரண்டும் கீழே இறங்கியிருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று வயிற்றுக்குள் தங்கிவிட்டால் அதையும் தேடி எடுக்க வேண்டும். கைக்குக் கிடைத்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு வந்தால் மூத்திர நாற்றமும் அலைச்சலும் அப்படியே தொடரும்.

நாள் குறிப்பது

தடுப்பூசியிலிருந்து கணக்குப் போடுங்கள். எட்டாம் வாரம் முதல் ஊசி, பன்னிரண்டாம் வாரம் இரண்டாவது, மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடி ஊசி. கடைசி ஊசிக்கு இரண்டு வாரம் கழித்து ஆபரேஷன். இடையில் எடைக்கு ஏற்ப பூச்சிமருந்து. இப்படிப் போனால் நான்கு, ஐந்து மாதத்துக்குள் ஆபரேஷனுக்குத் தயாராகிவிடும். எடை ஒரு கிலோவுக்கு மேல் இருந்தால் மருத்துவ ரீதியாகத் தடை இல்லை. ஆனாலும் இரண்டு கிலோ வரட்டும் என்று சொல்லும் மருத்துவர்கள் உண்டு. அவர் கைப்பழக்கத்துக்கு விட்டுவிடுங்கள், ஆனால் அதுவரை குட்டியை வெளியே விடாதீர்கள்.

மதுரை தல்லாகுளத்தில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது, நகரம் முழுக்கத் தனியார் கிளினிக்குகளும் இருக்கின்றன. எங்கே போவதானாலும் முன்கூட்டியே கேட்டு நாள் வாங்குங்கள். மருந்து, கோன் (புண்ணை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு), தையல் பிரிப்பு எல்லாம் சேர்த்து எவ்வளவு, வலி மருந்து தருவார்களா, தையல் தானாகக் கரைவதா பிரிக்க வேண்டியதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெர்சியன் போன்ற சப்பை மூக்குப் பூனைக்கு மயக்கத்தில் மூச்சுத் திணறல் ஆபத்து அதிகம். அதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் எதிர்சேவையும் ஆற்றில் இறங்குவதும் நடக்கும் நாட்களில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் ஆட்டோ நகராது. அந்த வாரம் வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய பத்து நாளும் வேண்டாம். வெடிச்சத்தத்தில் மிரண்டு பரண்மேல் தாவினால் தையல் பிரியும்.

முந்தின ராத்திரி

தவறு அதிகம் நடப்பது இங்கேதான். மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும், அதனால்தான் வெறும் வயிறு. வளர்ந்த பூனைக்கு சுமார் எட்டு மணி நேரம் சாப்பாடு கிடையாது. ஐந்து மாதக் குட்டியைப் பன்னிரண்டு மணி நேரம் பட்டினி போட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிச் சோர்ந்துவிடும். குட்டிக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் போதும், சரியான நேரத்தை மருத்துவர் சொல்வார். தண்ணீர் கிளம்பும்வரை இருக்கலாம். தட்டை எடுத்து வைத்தால் மட்டும் போதாது. ராத்திரி ஒரு பல்லி, ரெண்டு கரப்பான், பக்கத்து வீட்டில் வைத்த மீன் தலை என்று வயிறு நிறைந்துவிடும். ஒரு அறையில் அடைத்துவிடுங்கள். தப்பித்தவறிச் சாப்பிட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லி நாளை மாற்றிக்கொள்ளுங்கள்.

கட்டைப்பையிலும் அட்டைப்பெட்டியிலும் கொண்டுபோகாதீர்கள். சிக்னலில் ஒரு ஹாரன் அடித்தால் போதும், கிழித்துக்கொண்டு பாய்ந்துவிடும். கூண்டு இல்லையென்றால் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் பழக்கூடை இரண்டை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்து நான்கு பக்கமும் கேபிள் டை போட்டு இறுக்குங்கள். உள்ளே அது படுத்துப் பழகிய துணி, மேலே மெல்லிய வேட்டி. வெயில் ஏறும் முன் போய்விடுங்கள்.

அன்று சாயங்காலம்

பெட்டைக்கு வயிற்றிலோ விலாவிலோ இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கீறல், அதன் வழியாகக் கருப்பையும் சூலகமும் எடுக்கப்படும். கடுவனுக்குச் சின்ன வெட்டு, பெரும்பாலும் தையலே இருக்காது.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் படுக்க வைக்காதீர்கள், கால் தள்ளாடி விழும். தரையில் போர்வை விரித்து, மின்விசிறி நேராகப் படாத இருட்டு அறையில் விடுங்கள். மயக்கம் தெளியும்வரை உடம்பு சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது, வெறும் டைல்ஸ் தரை சித்திரை வெயிலிலும் சில்லிட்டுப் போகும். கண் திறந்தே இருக்கும், ஓரத்தில் வெள்ளைத் திரை தெரியும், பயப்பட வேண்டாம். நேராக நடக்க ஆரம்பித்த பிறகு முதலில் தண்ணீர், பிறகு வழக்கத்தில் கால்பங்கு சாப்பாடு. பால் வேண்டாம், பேதியாகும்.

மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமால் பூனைக்கு விஷம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரை எடுக்கும்.

பத்து நாள்

பூனையின் நாக்கு அரம்போல் சொரசொரப்பு. பத்து நிமிடம் விடாமல் நக்கினால் தையல் பிரிந்துவிடும். கோன் போட்டுத்தான் ஆக வேண்டும், சாப்பிடும்போது மட்டும் நீங்கள் பக்கத்தில் இருந்து கழற்றலாம். பெட்டை கோனை ஏற்கவே மாட்டேன் என்றால் பழைய முழுக்கை டி-ஷர்ட்டின் கையைச் சுமார் ஒரு அடிக்கு வெட்டி, நான்கு காலுக்கும் ஓட்டை போட்டு மாட்டிவிடுங்கள். பின்பக்கம் மூத்திரத்தில் நனையாத அளவுக்கு மடித்து விடுங்கள்.

புண்ணில் மஞ்சள், தேங்காயெண்ணெய், டெட்டால் எதுவும் பூசக் கூடாது. பினாயில் ஊற்றித் துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே பூனைக்கு ஆகாது, இந்தப் பத்து நாளும் சோப்புத் தண்ணீர் போதும். அது மூத்திரம் போகும் மண் தட்டில் மணலுக்குப் பதில் கிழித்த செய்தித்தாள் போடுங்கள், புண்ணில் ஒட்டாது.

தினமும் காலையில் புண்ணை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மூன்றாம் நாள் ஓரம் லேசாகச் சிவந்து, தையலுக்கடியில் பட்டாணி அளவு மேடு தட்டுப்படுவது சகஜம். மேடு நாளுக்கு நாள் பெருத்தாலோ, நாற்றமோ சீழோ வந்தாலோ, 24 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாலோ உடனே காட்டுங்கள். தையல் பிரிப்பது பத்திலிருந்து பதினாலாம் நாள்.

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் ஆஸ்பத்திரி வாடையில் அடையாளம் தெரியாமல் சீறும். இரண்டு நாள் தனி அறை வையுங்கள், ஒரே துணியால் இரண்டையும் மாற்றி மாற்றித் துடைத்துவிட்டால் வாடை கலந்துவிடும்.

ஆபரேஷனுக்குப் பிறகு உடம்புக்குத் தேவையான உணவு கால்பங்குக்கு மேல் குறையும், பசியோ கூடும். நான்கு கிலோ பூனைக்கு உலர் தீவனம் மட்டும் என்றால் நாளுக்கு சுமார் 50 கிராம் போதும், அளந்து வையுங்கள். ஆபரேஷன் செய்தால் குண்டாகும் என்ற பேச்சு தட்டை நிரப்பிக்கொண்டே இருப்பதால் வந்தது.

கடுவனுக்கு விதை எடுத்த பிறகும் குழாயில் தங்கிய விந்து உயிரோடு இருக்கும். ஒரு மாதம் முதல் ஆறு வாரம் வரை பெட்டையோடு விடாதீர்கள். பெட்டை ஆபரேஷனுக்குப் பிறகும் பழையபடி கத்தினால் சூலகத் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், மருத்துவரிடம் திரும்பக் காட்டுங்கள்.

மொட்டை மாடிக்கு வந்து சாப்பிட்டுப் போகும் பூனைக்கும் இதையே செய்யலாம். பிடிக்கும் முன் முலையைப் பாருங்கள். பால் கட்டியிருந்தால் எங்கோ குட்டிகள் காத்திருக்கின்றன, அவை தானாகத் தின்னும்வரை பொறுங்கள். கரையும் தையல் கேளுங்கள், குறைந்தது ஒரு நாளாவது அடைத்து வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள். மயக்கத்தில் இருக்கும்போதே இடது காதின் நுனியை நேராக வெட்டிவிடச் சொல்லுங்கள். அந்த அடையாளம் இருந்தால் அடுத்த தெருக்காரர் அதே பூனையைப் பிடித்து மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்காது.