‘புயல்’ என்ற சொல்லின் பழம்பொருளைத் தேடுவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

ஐப்பசி பிறந்துவிட்டால் தமிழகக் கடலோரத்தில் நாள்தோறும் காதில் விழும் சொல் ‘புயல்’. இன்று அது கடுங்காற்றைக் குறிக்கிறது. முன்பு என்ன பொருள் தந்தது என்பதைத் தமிழ் இலக்கணப் பயிற்சி இல்லாதவரும் ஓரிரு மணி நேரத்தில் கண்டறியலாம்.

படி 1: இன்றைய பொருளை வரையறுத்துக்கொள்ளுங்கள்

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வகைப்பாட்டில், காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டும்போதுதான் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ‘புயல்’ ஆகிறது. 89-ஐ எட்டினால் அது தீவிரப் புயல். அதாவது, இன்றைய வரையறையை முடிவு செய்வது காற்றே. மழையின் அளவுக்கு அதில் இடமில்லை.

படி 2: பொருள் ஐயமற்ற ஒரு பழைய வரியைப் பிடியுங்கள்

இதற்குத் திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரமே போதும்.

“ஏரின் உழாஅர் உழவர் புயல்என்னும்
வாரி வளங்குன்றிக் கால்.”

இன்றைய பொருளை இதில் பொருத்தினால், புயல் வராவிட்டால் உழவர்கள் ஏர் பூட்ட மாட்டார்கள் என்றாகும்; டெல்டா உழவர் ஒருவரிடம் இதைச் சொன்னால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ‘வாரி’ என்பதற்கு இங்கே வருவாய் என்பது பொருள். மழை என்னும் வருவாய் குறைந்தால் உழவு நின்றுவிடும் என்பதே குறளின் கருத்து. பரிமேலழகரும் அவ்வாறே உரை காண்கிறார். ஆகவே இங்கே ‘புயல்’ என்பது மழை.

படி 3: நிகண்டையும் அகராதியையும் ஒப்பிடுங்கள்

நிகண்டுகள், அதாவது செய்யுள் வடிவிலான பழைய சொற்பொருள் நூல்கள், இச்சொல்லை மேகத்தின் பெயர்களோடு சேர்த்துச் சொல்கின்றன. கரிய மேனியுடைய திருமாலைப் புயல்வண்ணன் என்பதும் இப்பொருளில்தான். காற்றுக்கு ஏது நிறம்? அடுத்து, 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் மின்னகராதித் தளத்தில் அதைக் கட்டணமின்றித் தேடலாம். மேகம், மழை, பெருங்காற்று ஆகிய பொருள்கள் ஒரே சொல்லின் கீழ் வருவதைக் காண்பீர்கள்.

படி 4: உடன் வரும் வினைச்சொல்லைக் கவனியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். இன்று புயல் வீசுகிறது, அடிக்கிறது, கரையைக் கடக்கிறது. பழைய பாடல்களிலோ அது பெய்யும், பொழியும். அகராதி கைக்கெட்டாத இடத்திலும், சொல் எப்பொருளில் நிற்கிறது என்பதை வினையே காட்டிக்கொடுத்துவிடும். ‘இசைப்புயல்’, ‘வேகப்புயல்’ போன்ற பட்டங்களில் நிற்பது முற்றிலும் புதிய பொருள்தான்.

பொருள் மாறியதற்கு நான் கருதும் காரணம் இது: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்களால், கருமேகமும் அடைமழையும் சூறைக்காற்றும் இக்கடலோரத்துக்குச் சேர்ந்தே வருகின்றன, சேர்ந்து வருபவற்றுள் அதிக அச்சம் தருவதன்மீது பெயர் நிலைத்துவிட்டது.

படி 5: வேர்ச்சொல்லைக் கடைசியில் தேடுங்கள்

பலர் இதிலிருந்தே தொடங்குகிறார்கள். பழந்தமிழில் ‘புய்த்தல்’ என்றால் பறித்தல், பிடுங்குதல். மரத்தைப் பிடுங்குவதால் ‘புயல்’ என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பழம்பொருள் மேகமும் மழையும் அல்லவா? மேகம் எதைப் பிடுங்குகிறது என்று காட்டாமல் இவ்விளக்கத்தை ஏற்க இயலாது. புதிய பொருளைக் கொண்டு பழைய வேரைக் கற்பிக்கக் கூடாது.

படி 6: பிற வழக்குகளையும் பாருங்கள்

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததைத் தமிழகத்தில் ‘புயல்’ என்கிறோம். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கியதை ஈழத்தமிழர் ‘சூறாவளி’ என்பர். ‘சூறை’, ‘வளி’ இரண்டும் காற்றைக் குறிப்பவை என்பதால் அச்சொல் தன் பொருளைத் தானே சொல்லிவிடுகிறது. ஆங்கிலேயரின் ‘சைக்ளோன்’ இவ்விரண்டிலும் இளையது. கல்கத்தாவில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன், பாம்பின் சுருளைப் போன்ற சுழற்சியைக் குறிக்கக் கிரேக்கச் சொல்லிலிருந்து 1840-களில் அதை உருவாக்கினார்.

பயிற்சிக்கு அடுத்து ‘கோடை’யை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கப் பாடல்களில் அது மேற்கிலிருந்து வீசும் வெப்பக் காற்று; பருவத்தின் பெயர் ‘வேனில்’. மேற்சொன்ன வினைச்சோதனையை இதற்கும் செய்து பார்க்கலாம்: அங்கே கோடை ‘வீசும்’, இங்கே கோடை ‘வரும்’.