இளைஞர் குழுவுக்கு சி.எஸ்.ஆர். நிதி: சங்கப் பதிவிலிருந்து விண்ணப்பம் வரை

மாலை நேரப் படிப்பகம், வாசிப்பு வட்டம், பள்ளி மாணவர்களுக்கான கணினிப் பயிற்சி என ஏதாவது ஒன்றைத் தன்னார்வமாக நடத்திவரும் இளைஞர் குழு, நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். நிதியை (பெருநிறுவனங்கள் தம் சமூகப் பொறுப்பாகச் செலவிடும் பணத்தை) கேட்கும் தகுதியைப் பெற என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, எங்கள் குழுவுக்காக அந்த வேலைகளை முடித்த வரிசையிலேயே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் சங்கமாகப் பதிவு செய்பவர்களுக்கான வழி இது. அறக்கட்டளையாகப் பதிவு செய்வோர் முதல் படியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கம்பெனிகள் சட்டம், 2013-இன் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளைப் பட்டியலிடும் ஏழாம் அட்டவணையில் கல்வியும் இடம்பெற்றுள்ளது. ஆனால், நிறுவனம் தானாகத் தொடங்காத வெளிச் சங்கம் ஒன்றின் வழியாக இந்தப் பணத்தைச் செலவிட வேண்டுமானால், அந்தச் சங்கத்துக்கு அதே வகைப் பணியில் மூன்று ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும் என்று சி.எஸ்.ஆர். விதிகள் கூறுகின்றன. நிதி கேட்கும் எண்ணம் வரும்போது பதிவு செய்துகொள்ளலாம் என்று காத்திருக்கும் குழுக்கள் இங்கேதான் நின்றுபோகின்றன. நிதி தேவையோ இல்லையோ, பதிவை இன்றே தொடங்குங்கள் என்பதே என் முதல் பரிந்துரை.

படி 1: சங்கப் பதிவு

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து, மாவட்டப் பதிவாளரிடம் சங்கத்தைப் பதிவு செய்யலாம். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். விதிகளை எழுதும்போது, நோக்கங்கள் பகுதியில் நீங்கள் உண்மையில் செய்யும் கல்விப் பணியையும் தன்னார்வலர் பயிற்சியையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். "பொதுநலப் பணிகள்" என்று மட்டும் பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டால் பின்னால் வரித் துறையிலும் நிறுவனத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க நேரும்.

படி 2: பான், வங்கிக் கணக்கு, பெயரின் எழுத்துகள்

பான் அட்டையும் வங்கிக் கணக்கும் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நேரத்தை விழுங்குவது பெயரின் ஆங்கில எழுத்துகள். சங்கத்தைத் தமிழில் பதிவு செய்திருப்போம்; "இளைஞர்" என்பதிலுள்ள "ஞ" எழுத்துக்கு பான் விண்ணப்பத்தை நிரப்பியவர் ஜி, என் என்றும், வங்கி ஊழியர் என், ஜே என்றும் போட்டிருப்பார். "மன்றம்" ஓரிடத்தில் ஒரு ஆரோடும் இன்னோரிடத்தில் இரண்டு ஆரோடும் நிற்கும். இணையதளங்கள் பான் விவரத்தோடு பெயரை ஒப்பிட்டுப் பார்ப்பதால், ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் நகராது. திருத்தத்துக்கு மறுபடி பானிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே முதல் கூட்டத்திலேயே பெயரின் ஆங்கில வடிவத்தைத் தீர்மானமாக எழுதி, கையெழுத்திட்டு, எங்கே விண்ணப்பித்தாலும் அந்தத் தாளைப் பார்த்தே நிரப்புங்கள். ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுக்கும்போதும் அதே தாள்தான்.

படி 3: 12ஏ பதிவும் 80ஜி அனுமதியும்

முந்தைய படியைவிடச் சிக்கலானது இதுதான். 12ஏ என்பது சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு பெறுவதற்கான பதிவு; 80ஜி என்பது நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் அனுமதி. பணியை இன்னும் தொடங்காத சங்கம், வருமான வரித் தளத்தில் படிவம் 10ஏ வழியாக மூன்றாண்டுத் தற்காலிகப் பதிவு பெறும். அது கிடைத்ததும் வேலை முடிந்ததென்று பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். தற்காலிகப் பதிவு முடிவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்போ, பணி தொடங்கிய ஆறு மாதங்களுக்குள்ளோ, இவற்றில் எது முந்தியதோ அதற்குள் படிவம் 10ஏபி வழியாக முறையான பதிவு கேட்க வேண்டும். அடுத்த வாரமே வகுப்பைத் தொடங்கும் குழுவுக்கு மூன்றாண்டு அவகாசம் என்பது பெயரளவில்தான். உண்மைக் கெடு ஆறு மாதமே. ஏற்கெனவே பணியைத் தொடங்கிவிட்ட சங்கத்துக்குத் தற்காலிகப் பதிவு கிடையாது. 2023 அக்டோபர் முதல் அது நேரடியாக 10ஏபி-யில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் எந்த வகை என்பதை ஆடிட்டரிடம் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த ஒரு படிக்கு ஆடிட்டர் கட்டணம் கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். மற்றப் படிவங்களை நிரப்புவதைக் குழுவில் கணினி தெரிந்த ஒருவரே பார்த்துக்கொள்ளலாம்.

80ஜி கிடைத்த பிறகு வரும் நன்கொடைகளுக்கு, யார் எவ்வளவு தந்தார்கள் என்ற பட்டியலான படிவம் 10பிடியை ஒவ்வோர் ஆண்டும் மே 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு 80ஜி சலுகை இல்லை என்பதால், யு.பி.ஐ. அல்லது வங்கிப் பரிமாற்றத்தையே கேளுங்கள்.

படி 4: தர்பன், சி.எஸ்.ஆர்.-1

தொண்டு அமைப்புகளின் விவரங்களைத் திரட்டும் நிதி ஆயோக்கின் என்.ஜி.ஓ. தர்பன் தளத்தில் பதிவு இலவசம். மூன்று நிர்வாகிகளின் பான், ஆதார் விவரங்களைத் தயாராக வைத்துக்கொண்டால் போதும். சி.எஸ்.ஆர். நிதி பெற விரும்பும் அமைப்புகள் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் தாக்கல் செய்யும் சி.எஸ்.ஆர்.-1 படிவம் 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். அதில் ஆடிட்டரின் சான்று வேண்டும். தாக்கல் முடிந்ததும் வரும் பதிவு எண்ணைத்தான் நிறுவனங்கள் முதலில் கேட்கும்.

படி 5: காத்திருக்கும் ஆண்டுகளில் சேர்க்க வேண்டியவை

மூன்றாண்டு அனுபவத்துக்கு நிறுவனங்கள் வழக்கமாகக் கேட்கும் சான்று, தணிக்கை செய்யப்பட்ட கணக்கு. செலவு மிகச் சிறியதாக இருந்தாலும் ஆண்டுதோறும் தணிக்கை செய்துவிடுங்கள். கணக்குக்கு விலையுள்ள மென்பொருள் எதுவும் வேண்டாம். கூகுள் ஷீட்ஸில் ஒரு தாளும், எண்ணிட்ட வவுச்சர் கோப்பும் போதும். வருகைப் பதிவுக்குச் செயலிகளைவிடக் கோடு போட்ட நீண்ட நோட்டையே நம்புகிறேன். தேதி, மாணவர் பெயர், வகுப்பு, வந்த நேரம், தன்னார்வலர் கையெழுத்து என்ற கட்டங்கள் உள்ள அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் புரட்டியதுமே, வகுப்பு உண்மையில் நடந்ததா என்பது ஆய்வுக்கு வருபவருக்குப் புரிந்துவிடும். குழந்தைகளோடு பணியாற்றுவதால், குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை ஒன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, எல்லாத் தன்னார்வலர்களிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருங்கள்.

இந்த இடைக்காலத்தில், தகுதி பெற்ற ஒரு தொண்டு நிறுவனத்தின் களப் பங்காளியாக எழுத்து ஒப்பந்தத்தோடு பணியாற்றுவது நல்ல வழி. அரசுப் பள்ளிக்குள் செய்யும் பணியானால், 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" வழியாக நன்கொடையாளர்கள் அந்தப் பள்ளிக்காகக் கொடுக்கலாம். உங்கள் குழு உழைப்பை மட்டும் கொடுத்தால் போதும்.

விண்ணப்பம் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இரண்டு பக்கம், ஒரு பட்ஜெட் அட்டவணை, எத்தனை மாணவர், எத்தனை மாதம், எதை அளப்போம் என்ற மூன்று விடைகள் போதும். வண்ணமயமான ஸ்லைடுகளுக்குச் செலவிடும் நேரத்தைப் பட்ஜெட்டுக்குச் செலவிடலாம்.

பிற்சேர்க்கை 1: வெளிநாட்டில் வாழும் உறவினர் பணம் அனுப்பலாமா என்று இந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் பலர் கேட்டிருந்தார்கள். அவர் இந்தியக் குடிமகனாகவே இருந்து, தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதியாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருந்தாலும், எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு இன்றி அவர் பணத்தை வாங்கக் கூடாது. பதிவு பெற்ற இன்னொரு அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை உங்களுக்கு மாற்றித் தருவதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு தடை செய்யப்பட்டுள்ளது. ஆகவே பணம் அனுப்பும் உறவினரின் கடவுச்சீட்டு நகலைக் கேட்டு வாங்கி வவுச்சரோடு இணைத்துவிட்டு, பிறகு ரசீது எழுதுங்கள்.

பிற்சேர்க்கை 2: வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வரும் தேதி 2026 ஏப்ரல் 1. இங்கே சொன்ன பிரிவு எண்களும் படிவ எண்களும் பழைய சட்டத்தின்படி உள்ளவை என்பதால், அந்தத் தேதிக்குப் பின் விண்ணப்பிப்பவர்கள் தளத்தில் காட்டும் புதிய எண்ணைப் பார்த்தே படிவத்தைத் திறக்க வேண்டும்.